காசுக்கு வெந்நீர்: ஜப்பானியரின் ஊர்க் குளியலகம்

ஜப்பானிய மொழியில் ‘செந்தோ’ என்றொரு சொல் உண்டு. ‘செந்’ என்பது காசு. ‘தோ’ என்பது வெந்நீர். இரண்டும் இணைந்து, காசு கொடுத்துப் பெறும் வெந்நீர் என்னும் பொருளைத் தருகின்றன. தெருவின் நடுவே அமைந்து, அக்கம்பக்கத்தார் மாலைதோறும் சென்று நீராடும் பொதுக் குளியலகத்துக்கு இப்பெயர் வழங்குகின்றது.

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்வோர் பெரும்பாலும் ‘ஒன்சென்’ எனப்படும் வெந்நீர் ஊற்றுகளையே நாடுகின்றனர். ஒன்சென் நிலத்தடியினின்று இயற்கையாகச் சூடேறி வருவது. செந்தோவின் நீரோ பெரும்பாலும் கிணற்று நீர் அல்லது குழாய் நீர். விறகாலோ எண்ணெயாலோ எரிவளியாலோ காய்ச்சப்படுவது. முன்னது விருந்து என்றால் பின்னது அன்றாடச் சோறு. ஒரு நாட்டு மக்களை அறிய விரும்புவோன் விருந்தைவிட அன்றாடச் சோற்றையே சுவைத்துப் பார்த்தல் வேண்டும். பெயரை மட்டும் நம்பினால் ஏமாற்றமும் உண்டு. கியோத்தோ நகரிலுள்ள புகழ்பெற்ற ஃபுனாவோக்கா ஒன்சென், பெயரால் ஒன்சென் ஆயினும் வகையால் செந்தோவே.

சொற்களின் வழியாகவே இவ்வழக்கத்தின் உள்ளத்தை ஓரளவு காணலாம். தமிழில் ‘குளித்தல்’ என்னும் சொல்லைக் குளிர்ச்சியோடு தொடர்புபடுத்துவர். வெம்மை மிக்க நாட்டில் வாழ்வோர்க்கு நீராடல் என்பது உடலைக் குளிர்விப்பதே. சூடான நீரைக் கூறத் தமிழர், ‘நீர்’ என்னும் பெயருக்கு வெம்மை என்னும் அடை சேர்த்து ‘வெந்நீர்’ என்கின்றனர். ஜப்பானியர்க்கு அடை வேண்டுவதில்லை. தண்ணீர் ‘மிசு’, வெந்நீர் ‘யு’. இரண்டும் ஒன்றோடொன்று உறவற்ற தனிச் சொற்கள். குளியலகத்தின் வாயிலில் தொங்கும் துணித்திரையில் ‘யு’ என்னும் அந்த ஓரெழுத்தொருமொழி ஒன்றே பெரிதாக எழுதப்பட்டிருக்கும். வேறு விளம்பரம் எதுவும் தேவையில்லை.

கோயிலில் பிறந்த வழக்கம்

குளியலகம் ஜப்பானில் வேரூன்றியதற்குப் பௌத்தம் ஒரு காரணம். சீவகன் என்னும் மருத்துவன் புத்தரையும் துறவியரையும் நீராட அழைத்ததாகக் கூறும் சூத்திரம் ஒன்று சீன மொழி வழியாக ஜப்பானை அடைந்தது. நீராடுவதற்கு வேண்டும் ஏழு பொருள்களையும், அதனால் விளையும் ஏழு நன்மைகளையும் அது விரித்துரைக்கின்றது. பெரிய கோயில்கள் துறவியர்க்கென நீராட்டுக் கூடங்களை அமைத்தன. பின்னர் ஏழைகட்கும் நோயாளர்க்கும் அவை திறந்துவிடப்பட்டன. நாரா நகரத் தோதைஜி கோயிலின் பழைய நீராட்டுக் கூடம் இன்றும் நிற்கின்றது.

எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கோமியோ பேரரசியைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. ஆயிரம் பேரைத் தம் கையாலேயே நீராட்டுவதாக அவர் நோன்பு மேற்கொண்டார். ஆயிரமாவதாக வந்தவன் தொழுநோயாளன். புண்ணிலுள்ள சீழை வாயால் உறிஞ்சி எடுக்குமாறு அவன் வேண்டினான். அவர் சிறிதும் தயங்காது அவ்வாறே செய்ய, அவன் புத்தர் வடிவாக ஒளிர்ந்து மறைந்தான் என்பர். கதை கதையே எனினும், பிறர் உடல் அழுக்கைக் கண்டு அருவருக்காமல் இருத்தல் அறம் என்னும் எண்ணம் இதனுள் பொதிந்து கிடக்கின்றது. முன்பின் அறியாதோர் ஒரே தொட்டியில் இறங்கும் வழக்கம் இத்தகைய நிலத்தில்தான் வளர இயலும்.

அக்காலத்து நீராட்டு பெரும்பாலும் ஆவி நீராட்டு. இன்று குளியலைக் குறிக்கும் ‘ஃபுரோ’ என்னும் சொல்லும் ஆவி நிறைந்த அறையையே முதலில் குறித்தது. ஆவியறைக்குள் அணிந்த மெல்லிய ஆடை ‘யுகாதாபிரா’ எனப்பட்டது. அதுவே குறுகி ‘யுகாதா’ ஆயிற்று. இன்று கோடைவிழாக்களில் இளைஞரும் மகளிரும் அணியும் வண்ண ஆடைக்கு அதுவே பெயர். பொருள்களைப் பொதிந்து எடுத்துச் செல்லும் சதுரத் துணியான ‘ஃபுரோஷிகி’யின் பெயரும் குளியலறையில் விரிக்கும் துணி என்றே பொருள்படும். நீராட்டு மறந்துபோன இடங்களிலும் நீராட்டின் சொற்கள் வாழ்கின்றன.

எதோ நகரத்துச் சிலேடைகள்

காசுக்கு வெந்நீர் விற்கும் தொழில் பெருகியது, இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரத்தில். தொக்குகாவா இயேயாசு 1590இல் அந்நகரை அடைந்தார். மறு ஆண்டிலேயே, 1591இல், கோட்டைக்கு அருகிலிருந்த செனிகாமே பாலத்தருகே இசே யோயிச்சி என்பவர் ஒரு குளியலகம் திறந்தார். கோட்டை கட்ட வந்த கூலியாள்களும் கைவினைஞரும் நிறைந்திருந்த காலம் அது. கட்டணம் ஒரே நாணயம்.

மரவீடுகள் நெருங்கிய அந்நகரத்தில் தீயைக் குறித்த அச்சம் மிகுதி. விறகும் நல்ல நீரும் எளிதிற் கிடைப்பன அல்ல. ஆகவே, செல்வ வணிகரும் தம் வீட்டில் குளியலறை வைத்துக்கொள்ளாது தெருக் குளியலகத்துக்கே சென்றனர். வறுமையால் வந்த வழக்கம் என்று இதனை ஒதுக்குதல் பொருந்தாது. தீ எல்லார்க்கும் பொதுவான பகையாயிருந்தமையால், வெந்நீரும் எல்லார்க்கும் பொதுவாயிற்று.

வெந்நீரின் சூடு வெளியேறாதிருக்க, தொட்டியறையின் முன்னே தாழ்ந்த மரச்சுவர் ஒன்று அமைத்தனர். அதன் அடியில் குனிந்தே உள்ளே செல்ல முடியும். அதற்கு ‘சாகுரோ குச்சி’, அதாவது ‘மாதுளை வாய்’, என்று பெயர். குளியலகத்துக்கும் மாதுளைக்கும் என்ன தொடர்பு? அக்காலத்து உலோகக் கண்ணாடிகளை மெருகிட மாதுளைச் சாறு பயன்பட்டது. ‘காகாமி இரு’ என்னும் ஒலி, ‘கண்ணாடிக்கு வேண்டும்’ என்றும் பொருள்படும்; ‘குனிந்து நுழை’ என்றும் பொருள்படும். ‘கண்ணாடிக்கு வேண்டுவது மாதுளை, இங்கு வேண்டுவது குனிந்து நுழைதல்’ என்னும் சிலேடையினின்றே இப்பெயர் பிறந்தது என விளக்குவர். காளமேகத்தைச் சுவைத்த தமிழ் ஆசிரியர்க்கு இவ்விளையாட்டு புதிதன்று.

இதுபோன்று வேறும் உள. குளியலகம் திறந்திருப்பதை அறிவிக்க ‘வா’ என்னும் எழுத்தைப் பொறித்த பலகையைத் தொங்கவிட்டனர். பலகை ‘இதா’, ஆகவே ‘வா இதா’. ‘வாய்தா’ என்றால் ‘நீர் கொதித்துவிட்டது’ என்று பொருள். மூடியபின் ‘நு’ எழுதிய பலகை தொங்கும். ‘நு இதா’ என்பது ‘நீரைத் திறந்துவிட்டாயிற்று’ எனப் பொருள்படும். வில்லும் அம்புமே அடையாளமாகத் தொங்கிய குளியலகங்களும் இருந்தன. ‘யுமி இரு’ என்றால் வில் எய்தல். ‘யு இரு’ என்றால் வெந்நீரில் இறங்குதல். எழுத்தறிந்தவர் நகைக்கவும், எழுத்தறியாதவர் படத்தைப் பார்த்து வழியறியவும் இது உதவிற்று.

இத்தகைய இடத்தில் இலக்கியம் பிறவாதிருக்குமா? ஷிக்கிதெய் சன்பா என்னும் எழுத்தாளர் 1809 முதல் 1813 வரை நான்கு பகுதிகளாக வெளியிட்ட ‘உகியோ புரோ’ என்னும் நகைச்சுவை நூல், முழுவதும் ஒரு குளியலகத்திலேயே நிகழ்கின்றது. கதை என்று சொல்லத்தக்கது அதில் ஏதுமில்லை. வருகிறார்கள், பேசுகிறார்கள், போகிறார்கள். ஆனால் கிழவனும் குழந்தையும், வெளியூரானும் நகரத்தானும், பணிப்பெண்ணும் படித்தவளும் பேசும் பேச்சை அவரவர் ஒலிப்போடு அந்நூல் பதிந்து வைத்திருக்கின்றது. அக்காலப் பேச்சுமொழியை ஆராய்வோர்க்கு அது ஒரு களஞ்சியம். ஆடை களைந்த கூட்டத்தில் ஒருவனை இன்னான் எனக் காட்ட எஞ்சி நிற்பது அவன் நாவே என்பதைச் சன்பா நன்கு உணர்ந்திருந்தார்.

பழைமையைப் போற்றும் ஆர்வத்தில் அதன் குறைகளை மறைத்தல் ஆகாது. மாதுளை வாயின் உட்புறம் இருண்டு கிடந்தது. நீரின் தூய்மை கண்ணுக்குப் புலப்படாது. ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் நீராடும் வழக்கமும் இருந்தது. 1791இல் அரசு அதனைத் தடை செய்தது. தடையோ பலகாலம் ஏட்டளவிலேயே நின்றது. 1877இல் தோக்கியோவின் கந்தா பகுதியில், மறைப்புச் சுவரை நீக்கி, தொட்டியைத் தரையில் தாழ்த்தி, கூரையை உயர்த்தி ஆவிபோக்கி வைத்த புதிய அமைப்பு தோன்றியது. இன்றைய செந்தோ அதன் வழித்தோன்றல்.

பயணி அறிய வேண்டுவன

பெரும்பாலான செந்தோக்கள் பிற்பகல் மூன்று அல்லது நான்கு மணிக்குத் திறந்து நள்ளிரவை ஒட்டி மூடப்படுகின்றன. 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் தோக்கியோவில் எழுந்தவற்றுள் பல, வளைந்த முகப்புடன் கோயில் போலவே தோன்றும். வழிபாட்டிடம் என்று எண்ணிப் புதியவர் விலகிச் செல்வதும் உண்டு. உயர்ந்த புகைபோக்கியும் துணித்திரையும் ஐயத்தைப் போக்கும்.

உள்ளே நுழைந்ததும் காலணியைக் கழற்றிச் சிறு பெட்டியில் வைத்து, அதன் சாவியாகிய மரத்துண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து வருவது ஆண் பகுதியும் பெண் பகுதியும். திரை நிறம் பெரும்பாலும் ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பலாகாது. ஆணைக் குறிக்கும் எழுத்தில், மேலே நான்காகப் பகுத்த கட்டம் இருக்கும், அது வயல். கீழே வலிமையைக் குறிக்கும் உறுப்பு இருக்கும். வயலில் உழைப்பவன் ஆண் என்றவாறு. இவ்வோர் எழுத்தையேனும் கற்றுச் செல்வோர்க்கு வாயிலில் தடுமாற்றம் நேராது.

பழைய குளியலகங்களில் இரு பகுதிகளுக்கும் நடுவே உயர்ந்த இருக்கையொன்று உண்டு. ‘பந்தாய்’ எனப்படும் அதில் உரிமையாளரோ அவர் மனைவியோ அமர்ந்து இருபுறமும் காசு வாங்குவர். புதியவற்றில் முன்கூடத்து மேசையாக அது மாறிவிட்டது. கட்டணத்தின் உச்ச அளவை ஒவ்வொரு மாநில ஆளுநரும் வரையறுக்கின்றார். தோக்கியோவில் 2024 ஆகஸ்ட் முதல் பெரியவர்க்கு 550 யென். பண்டங்களின் விலையைக் கடைக்காரரே முடிவு செய்யும் நாட்டில், குளியலுக்கு மட்டும் அரசு வரம்பு விதிப்பது கருதத்தக்கது. போருக்குப் பிந்திய பஞ்ச காலத்தில், 1946இல் பிறந்த விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் எச்சம் இது. உடலைக் கழுவிக்கொள்வது ஒரு மனிதனின் அடிப்படைத் தேவை. அது எவர்க்கும் எட்டாததாகிவிடலாகாது என்பது இதன் கருத்து.

ஆடை முழுவதையும் களைந்தே உள்ளே செல்ல வேண்டும். நீச்சலுடைக்கு இடமில்லை. வெளிநாட்டார் பெரிதும் நாணுவது இவ்விடத்திலேதான். சிறு கைத்துண்டொன்றை உடன் கொண்டு செல்லலாம். நடக்கும்போது ஓரளவு மறைத்துக்கொள்ளவும் அது உதவும். உள்ளே எவரும் எவரையும் உற்று நோக்குவதில்லை என்பதைச் சிறிது நேரத்தில் உணர்ந்துகொள்ளலாம்.

இனித் தலையாய விதி வருகின்றது. தொட்டி கழுவிக்கொள்ளும் இடமன்று. சுவரோரம் வரிசையாகக் குழாய்களும் தாழ்ந்த முக்காலிகளும் இருக்கும். அங்கு அமர்ந்து, வாளியில் நீர் பிடித்து, சவர்க்காரம் தேய்த்து, நுரை சிறிதும் எஞ்சாமல் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். நின்றுகொண்டு நீர் ஊற்றினால் பக்கத்திலிருப்பவர் மீது தெறிக்கும். ஆகவே உட்கார்ந்தே குளிப்பர். கைத்துண்டு தொட்டி நீரில் படலாகாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வர். நீண்ட கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பழைய வீடுகளில் தொட்டி நீரை மொண்டு மேலே ஊற்றிக்கொள்வதே வழக்கம். தொட்டிக்குள் எவரும் இறங்கார். அவ்வழக்கில் வளர்ந்தவர்க்குச் செந்தோவின் முற்பாதி இயல்பாகவே வரும். பிற்பாதிதான் புதிது.

இவ்விதிகளை வெறும் நாகரிகச் சடங்காகக் கருதுவோர் உளர். காரணம் அதனினும் எளியது. ஒருவர் இறங்கி எழுந்த அதே நீரில் அடுத்தவர் இறங்குகின்றார். தொட்டி நீரைச் சுத்திகரிக்கும் கருவிகள் இன்று உண்டு, சட்டமும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பொதுக் குளியலகச் சட்டம், நீரை மிகவும் அழுக்காக்குதல் போன்ற செயல்களை நீராடுவோர்க்கே வெளிப்படையாகத் தடை செய்கின்றது. எனினும், ஒவ்வொரு முக்காலிக்கும் ஒரு காவலரை நிறுத்த முடியாது. முன்னே இறங்கியவர் தம்மை நன்கு கழுவிக்கொண்டார் என்று பின்னே இறங்குபவர் நம்புகின்றார். பயணி ஒருவர் கழுவாமல் தொட்டியில் குதித்தால், அவர் கெடுப்பது அந்த நம்பிக்கையை.

நீரின் சூடு 42 டிகிரி செல்சியசை ஒட்டியிருக்கும். தோக்கியோவின் பழைய குளியலகங்களில் அதனினும் மிகும். காலை மெல்ல நனைத்து, அசையாமல் அமர்தல் நலம்; அசைந்தால் சூடு மேலும் சுடும். தண்ணீர்க் குழாயைத் தாமாகத் திறந்து நீரைத் தணிப்பது அவ்வூர் முதியோர்க்கு உவப்பன்று. கேட்டுச் செய்தால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். தலை சுற்றுமுன் எழுந்துவிட வேண்டும். ஒசாகா, கியோத்தோ பக்கங்களில் மெல்லிய மின்னோட்டம் பாயும் தொட்டியொன்றும் காணலாம். இதய நோயாளர் அதனை நெருங்குதல் கூடாது. வெளியேறுமுன் கைத்துண்டைப் பிழிந்து உடலைத் துடைத்து, உடை மாற்றும் அறையின் தரை நனையாதவாறு செல்வர். பிறகு குளிர்ந்த பாலோ, காப்பி கலந்த பாலோ ஒரு புட்டி அருந்துவது வழக்கம். இதற்கு எவ்விதியும் இல்லை; ஆயினும் விதிகளைவிட நன்றாகவே இது பின்பற்றப்படுகின்றது.

சுவரில் நிற்கும் மலை

தோக்கியோவின் செந்தோக்களில் தொட்டிக்குப் பின்னுள்ள சுவரில் ஃபுஜி மலை ஓவியம் காணப்படும். 1912இல் கந்தா பகுதியிலிருந்த ‘கிகாய் யு’ என்னும் குளியலகத்தில், குழந்தைகளை மகிழ்விக்கக் கவாகோயே கோஷிரோ என்னும் ஓவியர் முதன்முதலில் இதனைத் தீட்டினார். ஃபுஜி நிற்கும் ஷிசுவோக்கா பகுதியே அவர்தம் ஊர். அங்கு தொடங்கிய வழக்கம் எங்கும் பரவிற்று. இவ்வோவியங்களில் தீட்டத் தகாதனவும் உண்டு. மறையும் ஞாயிறு தொழில் சாய்வதை நினைவூட்டும். செந்நிற இலையுதிர்காலம், உதிர்தலை நினைவூட்டும். குரங்கும் ஆகாது, ஏனெனில் குரங்கைக் குறிக்கும் ‘சாரு’ என்னும் ஒலியே ‘நீங்கிச் செல்’ எனவும் பொருள்படும். வாடிக்கையாளர் நீங்கிச் செல்லலாமா?

மஞ்சள் நிற வாளியும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ‘கெரோரின்’ என்னும் வலிநீக்கி மருந்தின் பெயர் பொறித்த இவ்வாளிகள் 1963இல் விளம்பரத்துக்காக வெளிவந்தன. தோக்கியோ வாளி பெரிது. ஒசாகாப் பக்கத்து வாளி சிறிது. அங்குத் தொட்டியிலிருந்தே நீரை மொண்டு மேலே ஊற்றிக்கொள்ளும் வழக்கம் இருப்பதால், வாளி பெரிதாயிருப்பின் கை வலிக்கும், நீரும் வீணாகும். ஆண்டுச் சடங்குகளும் உள. மே மாதம் 5ஆம் நாள் வசம்பினத்து நீண்ட இலைகளையும், குளிர்காலத்தில் பகற்பொழுது மிகக் குறுகிய நாளில் ‘யுசு’ என்னும் எலுமிச்சையினப் பழங்களையும் வெந்நீரில் மிதக்கவிடுவர்.

அணையும் அடுப்புகள்

குரங்கைத் தீட்டாமல் விட்டும் வாடிக்கையாளர் நீங்கிவிட்டனர். 1968இல் ஜப்பான் முழுவதும் ஏறத்தாழ 18,000 செந்தோக்கள் இருந்தன. இன்று தொழிற்சங்கத்தில் சேர்ந்துள்ளவை 2,000க்கும் குறைவு. தோக்கியோவில் மட்டும் 2,600க்கு மேல் இருந்தவை 450க்கும் கீழே வந்துவிட்டன. வீடுதோறும் குளியலறை வந்தது முதற்காரணம். எரிபொருள் விலை ஏறியது; கட்டணத்தையோ விருப்பம்போல் ஏற்ற இயலாது. ஏழைக்காக விதித்த வரம்பே குளியலகத்தை நெரிக்கின்றது என்று உரிமையாளர் சிலர் கூறுவதில் உண்மையில்லாமல் இல்லை. தோக்கியோச் செந்தோக்களை நடத்திவந்தோருள் மிகப் பலர் நீகாதா, தொயாமா, இஷிகாவா ஆகிய வடகடற்கரைப் பகுதிகளினின்று பிழைப்புத் தேடி வந்தவர்களின் வழியினர். நள்ளிரவுக்குப் பின் தொட்டியைத் தேய்த்துக் கழுவும் இவ்வுழைப்பை அவர்தம் மக்கள் மேற்கொள்ள விரும்பாவிடில், அடுப்பு அணைகின்றது, புகைபோக்கி இடிகின்றது, அவ்விடத்தில் அடுக்குமாடி எழுகின்றது.

வீட்டில் குளியலறை இருக்க, இழப்பு யாது எனலாம். தனியே வாழும் முதியவர் ஒருவர் நாடோறும் நாலு மணிக்கு வருகின்றார். இரு நாள் வாராவிடில் பந்தாயில் இருப்பவர் கவனித்துவிடுகின்றார். இதனை எந்த வீட்டுக் குளியலறையும் செய்யாது. இதனை உணர்ந்தே பல நகர ஆட்சிகள் முதியோர்க்கு இலவசக் குளியல் சீட்டுகளைத் தருகின்றன. 1995இல் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கி, வீடுகளில் நீரும் எரிவளியும் நின்றபோது, மீண்டும் திறந்த செந்தோக்களின் முன் மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர்.

அண்மை ஆண்டுகளில் இளைஞர் சிலர் பழைய குளியலகங்களை எடுத்து நடத்த முன்வந்துள்ளனர். வெளிநாட்டுப் பயணியரும் வருகின்றனர். அவர்களின் காசு உதவியே. ஆனால் அவர்கள் நுழைவது காட்சிச்சாலைக்குள் அன்று, ஒரு தெருவின் வீட்டுக்குள். உள்ளே படம் எடுத்தல் கூடாது. பெருங்கூட்டமாகச் செல்லாது ஓரிருவராகச் செல்லுதல் நன்று. உடலில் பச்சை குத்தியோரை வெந்நீர் ஊற்று விடுதிகள் பல ஏற்பதில்லை. செந்தோக்கள் பெரும்பாலும் ஏற்கின்றன. குழந்தைகளுடன் செல்வோர் ஒன்று அறிய வேண்டும்: தோக்கியோவில் 2022 முதல் ஏழு வயது நிரம்பிய சிறுவர் தாயோடு பெண் பகுதிக்கும், சிறுமியர் தந்தையோடு ஆண் பகுதிக்கும் செல்ல முடியாது.

நீராட மனமில்லாது, கட்டடத்தை மட்டும் காண விரும்புவோர்க்கும் வழி உண்டு. தோக்கியோவின் செஞ்சு பகுதியில் 1929இல் கட்டப்பட்ட ‘கொதாகாரா யு’ என்னும் குளியலகம், அந்நகரின் மேற்கேயுள்ள எதோ–தோக்கியோ திறந்தவெளிக் கட்டடக் காட்சியகத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு முழுமையாக நிற்கின்றது. பந்தாயும், பிரம்புக் கூடைகளும், சுவரில் ஃபுஜி மலையும் அங்குக் காணலாம். தொட்டியில் நீர் இல்லை. காலணியைக் கழற்றிவிட்டு, உடுத்த உடையோடே உள்ளே சென்று பார்க்கலாம்.